பசிப்பிணியை எதிர்த்த பாரதப் புதல்வர்
(உரோமை நகரில் 11 ஆண்டுகள் உலகத்தின் பசிக்காக உழைத்த பினய் ரஞ்சன் சென் அவர்களின் வரலாறு)

கோயில் நகரம் என்றும், பட்டு நகரம் என்றும் உலகோர் புகழும் நமது காஞ்சி மாநகருக்கு மூன்றாவதாக ஒரு பெருமையும் உண்டு. பலர் அதை மறந்துவிட்டனர். பசியைத் தீர்க்க ஒரு பெண்மணி தேடிவந்த ஊர் இது. யூபிலி ஆண்டு கொண்டாடும் நம் பங்கின் மலரில் வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, கோயில்களைப் பற்றியும் மன்னர்களைப் பற்றியும் எழுத வல்லார் பலர் இருக்க, இந்தப் பசியின் வரலாற்றையே எழுதலாம் என்று துணிந்தேன். வாசக அன்பர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

அமுதசுரபி வந்த ஊர்

ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலையின் கதையை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். மாதவியின் மகள் மணிமேகலை, மணிபல்லவத் தீவிலே கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி என்னும் பாத்திரத்தைப் பெறுகிறாள். கற்பிற் சிறந்த ஆதிரை அதில் முதற் பிச்சை இடுகிறாள். அள்ள அள்ளக் குறையாத அப்பாத்திரத்தைக் கொண்டு புகார் நகரத்து ஏழைகளுக்கும், நோயாளிகளுக்கும், சிறையில் கிடந்தவர்களுக்கும் உணவு அளிக்கிறாள். பின்னர் மழையின்றி மக்கள் மடிந்துகொண்டிருந்த காஞ்சி மாநகரை நோக்கி வருகிறாள். இங்கே இளங்கிள்ளி என்னும் மன்னன் அவளை வரவேற்க, பசித்தோர் அனைவரும் அவளைச் சூழ்ந்துகொள்கின்றனர்.

இது காப்பியம், சமயத்தால் பௌத்தக் காப்பியம். ஆயினும் பசியைப் பிணி என்று கண்டு, அப்பிணிக்கு மருந்து தேடியவர்களின் கதையாதலால் எல்லாச் சமயத்தாருக்கும் உரியது. ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் பகிர்ந்தளித்த ஆண்டவரின் மக்களாகிய நமக்கும் அது அந்நியமன்று.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. அமுதசுரபி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சென்ற ஊரில் பசி தீர்ந்தது. செல்லாத ஊரின் கதி என்ன? அதைச் சுமந்தவள் ஊரைவிட்டுப் போன பிறகு அவ்வூரார் எதை உண்டனர்? இந்தக் கேள்விக்கு நம் காலத்தில் விடை தேடிய ஓர் இந்தியரைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

தறிக்கும் பசிக்கும் உள்ள உறவு

பசி என்றதும் வயலையும் வானத்தையும் நினைப்பது வழக்கம். மழை பொய்த்தால் பஞ்சம், பெய்தால் செழிப்பு. நெசவாளர் வீட்டுக் கணக்கோ வேறு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உழவன் மகிழும்போது, காஞ்சித் தறிகாரர் கவலைப்படுவார். தெருவிலே பாவு போட முடியாது. ஈரத்தில் பட்டிழை பதம் கெடும். குழித்தறியில் தண்ணீர் ஊறிவிடும். தறி நின்றால் கூலி நிற்கும். கூலி நின்றால் அடுப்பு நிற்கும். கடைத்தெருவில் அரிசி மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தாலும் அவர் வீட்டில் பசிதான்.

பஞ்ச காலத்திலும் முதலில் அடிபடுகிறவர்களுள் நெசவாளரும் ஒருவர். விலைவாசி ஏறினால் மக்கள் முதலில் துணி வாங்குவதைத்தான் நிறுத்துவார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் செங்கல்பட்டு, வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களும் தவித்தன. மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். நிவாரண வேலைக்கு வந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்தார். அது உயிர் வாழவே போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். சென்னையில் கூவம், அடையாறு ஆகிய இரண்டு ஆறுகளையும் இணைத்து அக்காலத்தில் வெட்டப்பட்ட கால்வாய்க்கு, ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் இடப்பட்டது. பட்டினியால் மெலிந்த கைகள் வெட்டிய கால்வாய் அது.

அப்பஞ்சத்தின் பிறகு 1880இல் பஞ்சக் குழு அறிக்கை அளித்தது. அதையொட்டிப் பஞ்ச நிவாரண விதிகள் எழுதப்பட்டன. நெசவாளருக்கு மண்வெட்டியைக் கொடுத்துக் கல்லுடைக்க அனுப்புவதைவிட, அவர்கள் தொழிலையே கொடுத்துக் காக்க வேண்டும் என்ற எண்ணமும் அவ்விதிகளில் இடம்பெற்றது. ஆனால் விதிகள் ஏட்டில் இருப்பது வேறு, நாட்டில் நடப்பது வேறு. 1950களின் தொடக்கத்தில் தமிழகத்துக் கைத்தறிகள் நின்றபோது ஊர் ஊராகக் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டதை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா 1953இல் கைத்தறித் துணிகளைச் சுமந்துகொண்டு திருச்சி வீதிகளில் விற்றதும் அந்நாளில்தான்.

வங்கத்தின் கண்ணீர்

பினய் ரஞ்சன் சென் 1898ஆம் ஆண்டு அஸ்ஸாமின் திப்ருகரில் பிறந்தார். கல்கத்தாவிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்று, ஐ.சி.எஸ். அதிகாரியாகி, வங்காளத்தில் பணியாற்றினார். 1937 முதல் 1940 வரை மிதுனபுரி மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக இருந்தார்.

அதே மிதுனபுரியை 1942 அக்டோபர் 16ஆம் நாள் பெரும்புயல் தாக்கியது. கடல்நீர் ஊருக்குள் பாய்ந்தது. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விளைந்த நெல் உவர்நீரில் அழுகியது. அவ்வாண்டே பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்ததால் அங்கிருந்து அரிசி வருவதும் நின்றிருந்தது. எதிரி கையில் சிக்கிவிடக் கூடாது என்று கரையோர மக்களின் படகுகளை ஆங்கில அரசு பறித்தது. போர்ச் செலவினால் விலைவாசி ஏறியது, வியாபாரிகள் பதுக்கினர். 1943இல் வங்கப் பஞ்சம் வெடித்தது. விசாரணைக் குழு மாண்டவர் தொகையை 15 இலட்சம் என்று மதிப்பிட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் சுமார் 30 இலட்சம் என்பர்.

அந்தக் கொடுங்காலத்தில், 1942-43இல், வங்காளத்தின் நிவாரண ஆணையராக இருந்தவர் சென். கல்கத்தாவின் நடைபாதைகளில் சோறு கேட்கவும் இயலாமல், வடித்த கஞ்சியாவது கிடைக்காதா என்று ஏங்கிச் செத்த கிராமத்து மக்களின் காலம் அது. 1943இல் அவர் இந்திய அரசின் உணவுத் துறைத் தலைமை இயக்குநராக நியமிக்கப்பட்டு 1946 வரை பணியாற்றினார். நெல் கொள்முதல், நகரங்களில் ரேஷன், மாகாணத்துக்கு மாகாணம் தானியம் அனுப்புதல் எனும் ஏற்பாடுகள் நாடெங்கும் வேரூன்றிய ஆண்டுகள் அவை. இன்று நாம் நியாயவிலைக் கடையில் அட்டையை நீட்டி அரிசி வாங்குகிறோமே, அந்த ஏற்பாட்டின் வேர் அந்தப் பஞ்ச காலத்தில் இருக்கிறது.

அப்பஞ்சத்தைச் சிறுவனாக நேரில் கண்ட மற்றொரு சென் உண்டு. அவர் பொருளியல் மேதை அமர்த்தியா சென். 1943இல் வங்கத்தில் இருந்த உணவின் அளவு 1941ஐவிடக் குறைந்துவிடவில்லை என்றும், அதை வாங்கும் சக்தியைக் கூலியாட்களும் கைவினைஞரும் மீனவரும் இழந்ததே சாவுக்குக் காரணம் என்றும் 1981இல் ஒரு நூலில் எடுத்துக்காட்டினார். 1998இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கடைத்தெருவில் அரிசி இருக்கத் தம் வீட்டில் அடுப்பு எரியாத தறிகாரருக்கு இந்த உண்மை புதிதன்று.

உரோமையில் ஓர் இந்தியர்

நாடு விடுதலை அடைந்தபின் சென் அவர்கள் இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளில் இந்தியத் தூதராக விளங்கினார். 1956ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்திற்குத் தலைமை இயக்குநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசியாவிலிருந்து அப்பதவிக்கு வந்த முதல் மனிதர் அவரே.

இந்நிறுவனம் 1945 அக்டோபர் 16ஆம் நாள் கனடாவின் கியூபெக் நகரில் பிறந்தது; 1951 முதல் உரோமை நகரில் இயங்குகிறது. அதன் சின்னத்தில் இலத்தீன் மொழியில் ‘பியாத் பானிஸ்’, அதாவது ‘அப்பம் உண்டாகுக’ என்ற விருதுமொழி பொறிக்கப்பட்டுள்ளது. முதல் தலைவரான ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் பாய்டு ஆர், உலகிற்கு ஒரு பொது உணவு வாரியம் வேண்டும் என்று 1946இல் திட்டம் வகுத்தார். வல்லரசுகள் அதை ஏற்கவில்லை. அதன்பின் அந்நிறுவனம் பெரும்பாலும் புள்ளிவிவரம் சேர்ப்பதிலும், வல்லுநர் ஆலோசனை வழங்குவதிலும் அடங்கிவிட்டது.

பஞ்சத்தைக் கணக்கேட்டில் மட்டுமன்றித் தெருவிலும் கண்டவரான சென் இதனோடு நிற்கவில்லை. பசியைப் போக்குவது அரசுகளின் வேலை மட்டுமன்று, மக்கள் எல்லோரும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை என்று கருதினார். 1960 ஜூலை முதல் நாள் ‘பசியிலிருந்து விடுதலை’ என்னும் உலக இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். மக்களுக்கு உண்மையை எடுத்துரைத்தல், ஆராய்ச்சி, களப்பணி என்ற மூன்று பிரிவுகள் அதற்கு இருந்தன. நாடுதோறும் குழுக்கள் அமைந்தன. பள்ளிச் சிறுவரும், தொழிற்சங்கத்தாரும், கோயில் சபைகளும் பணம் திரட்டினர். 1963இல் இந்தியா உட்படப் பல நாடுகள் இவ்வியக்கத்திற்காகத் தபால்தலை வெளியிட்டன. அவ்வாண்டு ஜூன் மாதம் வாஷிங்டனில் கூடிய உலக உணவு மாநாட்டை அமெரிக்க ஜனாதிபதி கென்னடி தொடங்கிவைத்தார்.

நிறுவனத்தின் புள்ளியியல் பிரிவுக்கு அப்போது தலைவராக இருந்தவரும் ஓர் இந்தியரே. டாக்டர் சுகாத்மே என்பது அவர் பெயர். 1963இல் வெளியான மூன்றாவது உலக உணவு ஆய்வு, உலக மக்களில் 100க்கு 10 முதல் 15 பேர் வயிறார உண்ணாதவர் என்றும், பாதிப்பேர் வரை பசியாலோ சத்துக்குறைவாலோ வாடுகின்றனர் என்றும் கூறியது. வயிறு நிரம்புவது வேறு, உடம்புக்கு வேண்டிய சத்துக் கிடைப்பது வேறு என்ற பேதத்தை உலகம் அப்போதுதான் ஊன்றிக் கவனித்தது.

சென் காலத்தில் முளைத்த மற்றொரு விதை உலக உணவுத் திட்டம். மிஞ்சிய தானியம் உள்ள நாடுகள் தனித்தனியே, தத்தம் அரசியலுக்கு ஏற்பக் கொடுப்பதற்குப் பதிலாக, பொதுவில் சேர்த்துத் தேவைக்கேற்பப் பகிரலாம் என்பது அதன் கருத்து. 1961இல் தீர்மானமாகி, 10 கோடி டாலர் இலக்குடன் மூன்றாண்டுச் சோதனையாக 1963இல் தொடங்கியது. சோதனை வெற்றி பெற்றதால் 1965இல் நிலையான அமைப்பாயிற்று. 2020ஆம் ஆண்டு சமாதானத்துக்கான நோபல் பரிசு அதற்கே வழங்கப்பட்டது.

பாப்பரசர்களின் ஆதரவு

உரோமையில் நடந்த இம்முயற்சியைத் திருச்சபை தூர நின்று பார்க்கவில்லை. பாப்பரசர் புனித 23ஆம் அருளப்பர் 1961இல் வெளியிட்ட ‘மாத்தேர் எத் மாஜிஸ்த்ரா’ என்னும் சுற்றுமடலில் உணவு வேளாண்மை நிறுவனத்தின் பணியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அவருக்குப் பின்வந்த புனித 6ஆம் சின்னப்பர் 1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டிற்காகப் பம்பாய் வந்தார். இந்திய மண்ணில் கால்வைத்த முதல் பாப்பரசர் அவர். போர்க்கருவிகளுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து ஏழை நாடுகளுக்கென உலக நிதி ஒன்று அமைக்கும்படி அங்கிருந்து உலகத்தை வேண்டினார். 1967இல் எழுதிய ‘பாப்புலோரும் ப்ரோக்ரெஸ்ஸியோ’ சுற்றுமடலில் அவ்வேண்டுகோளையும், பசியிலிருந்து விடுதலை இயக்கத்தையும் நினைவுகூர்ந்தார். சென் பதவியிலிருந்து ஓய்வு பெற்றதும் அவ்வாண்டின் இறுதியில்தான்.

பால் பவுடர் வரிசை

இந்த இடத்தில் என் சொந்த நினைவொன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

1960களில் அமெரிக்கக் கத்தோலிக்க நிவாரணச் சங்கத்தின் வழியாகப் பால் பவுடரும், உடைத்த கோதுமையும், எண்ணெயும் நாட்டின் பல பங்குகளுக்கு வந்தன. ஜாதி மத பேதமின்றி ஏழைகளுக்கு அவை வழங்கப்பட்டன. நானும் தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற சிறுவன்தான். அந்தக் கரைத்த பாலின் மணம் இன்றும் நினைவில் இருக்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு நெசவாளர் குடும்பம் இருந்தது. ஓர் ஐப்பசி மழையில் தறிக்குழி நிறைந்து ஒரு மாதம் வேலை இல்லை. வீட்டில் மூன்று குழந்தைகள். “வாங்கக்கா, கோயில்ல கோதுமை குடுக்கறாங்க” என்று என் தாயார் அழைத்தார். “கை நல்லா இருக்கறப்போ கை நீட்டச் சொல்றியே தங்கச்சி” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். என் தாயார் இதைச் சுவாமியாரிடம் சொன்னார். அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு கொத்தனாரும், செங்கல்லும், இரண்டு மூட்டை சிமெண்டும் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றன. தறிக்குழியை உயர்த்திக் கட்டினார்கள். தை பிறக்குமுன் தறிச் சத்தம் கேட்டது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு நிறைய வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். அன்று அவர் முகத்தில் கண்ட நிமிர்வை நான் மறக்கவில்லை.

கோதுமை கொடுத்தது தவறு என்று சொல்ல வரவில்லை. அன்று அதை உண்டு பிழைத்த பிள்ளைகள் ஆயிரமாயிரம். ஆனால் கோதுமை ஒரு வாரத்தில் தீர்ந்தது. குழித்தறி பல ஆண்டு சோறு போட்டது.

பவுடரே மூலதனமான கதை

சென் தொடங்கிய இயக்கமும் இந்த வழியிலேயே சிந்தித்தது. குஜராத்தின் கைரா மாவட்டத்தில் பால் கூட்டுறவுச் சங்கத்தாருக்கு ஒரு மாட்டுத்தீவனத் தொழிற்சாலை அமைக்க இங்கிலாந்தின் ஆக்ஸ்பாம் சங்கம் உதவியது. பிள்ளைகளுக்குப் பால் அனுப்புவதற்குப் பதிலாக, பால் தரும் மாட்டுக்குத் தீனி கிடைக்க வழிசெய்தார்கள். 1964 அக்டோபரில் அதைத் திறந்துவைக்கச் சென்ற பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அச்சங்கத்தின் வேலையைக் கண்டு வியந்தார். அதன் பயனாக 1965இல் தேசியப் பால்வள வாரியம் பிறந்தது. அதன் தலைவர் டாக்டர் குரியன், நம் சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர்.

1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியபோது, உலக உணவுத் திட்டத்தின் வழியாக ஐரோப்பாவிலிருந்து 1,26,000 டன் பால் பவுடரும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டன. குரியன் அவற்றை இனாமாக வழங்கவில்லை. பாலாகக் கலந்து நகரங்களில் விற்று, அந்தப் பணத்தில் பால் பண்ணைகளும், குளிர்பதன நிலையங்களும், கிராமச் சங்கங்களும் கட்டினார். இனாமாக வரும் பவுடர் உள்நாட்டுப் பாலின் விலையைக் கெடுத்துவிடும் என்ற அச்சமும் இருந்தது. குறை கூறியவர்களும் இருந்தனர். ஆயினும் பால் பவுடருக்குக் கையேந்திய நாடு, உலகிலேயே அதிகம் பால் கறக்கும் நாடாக 1990களின் இறுதியில் உயர்ந்தது. இன்று காலையில் நம் வாசலுக்கு வரும் ஆவின் பால் பாக்கெட்டும் அந்தக் கூட்டுறவு முறையின் வழிவந்ததுதான்.

தானியத்தின் கதையும் அதுவே. 1966இல் உணவு அமைச்சராக இருந்த தமிழர் சி. சுப்பிரமணியம், வந்த கோதுமையைத் தின்பதோடு நில்லாமல் 18,000 டன் மெக்சிகோ விதைக் கோதுமையை வரவழைத்தார். கும்பகோணத்தில் பிறந்த டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் அதற்கு அறிவியல் துணையானார்.

நம் மண்ணின் மைந்தர்

சென் உரோமைக்குச் சென்ற அதே 1956ஆம் ஆண்டில், தமிழகத்தில் முதலமைச்சர் காமராசர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கினார். அப்போது கல்வித்துறை இயக்குநராக இருந்து ஊர் ஊராகச் சென்று, ஊராரைக் கொண்டே அரிசியும் காசும் திரட்டி அத்திட்டத்தை நடத்திக் காட்டியவர் நெ.து. சுந்தரவடிவேலு. நமது காஞ்சிபுரத்திற்கு அருகேயுள்ள நெய்யாடுபாக்கத்தில் 1912இல் பிறந்தவர். 1961 முதல் கேர் நிறுவனத்தின் பால் பவுடரும் உணவுப் பொருள்களும் அத்திட்டத்திற்கு வந்தன. 1982இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் காலை உணவுத் திட்டமும் சேர்ந்தது. 2024 ஜூலை 15ஆம் நாள் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டபோது, தொடக்க விழா நம் அண்டை மாவட்டமாகிய திருவள்ளூரில் நடந்தது. ஊராரின் காசிலும் வெளிநாட்டுப் பவுடரிலும் நடந்த சோறு, இன்று அரசின் வரவுசெலவில் பிள்ளைகளின் உரிமையாகிவிட்டது.

உலகத்திற்காக உழைத்த சென் 1993 ஜூனில் காலமானார். நம் ஊர்ப்புறத்துச் சுந்தரவடிவேலு அதே ஆண்டு ஏப்ரலில் காலமானார். இருவரும் கோயில் பிரசங்கிகள் அல்லர், அரசாங்க அலுவலர்கள். கோப்பும் பேனாவும் கொண்டு பசியோடு போராடியவர்கள்.

முடிவுரை

பசி ஒழிந்துவிட்டதா? இல்லை. 2024ஆம் ஆண்டில் உலகில் 67 கோடிப் பேருக்கு மேல் பசியில் வாடினர் என்று 2025இல் வெளியான ஐ.நா. அறிக்கை கூறுகிறது. 12 பேரில் ஒருவர் என்பது இதன் பொருள். போர் நடக்கும் நாடுகளிலேயே பசி மிகக் கொடுமையாக இருக்கிறது. சென் காணவிரும்பிய விடுதலை இன்னும் வரவில்லை.

நம் ஊரிலும் கைத்தறியை விட்டு வேறு பிழைப்புத் தேடிப் போனோர் பலர். பட்டு நூலும் சரிகையும் விலை ஏறும்போது கூலி அதற்கேற்ப ஏறுவதில்லை. முதியோர் பலர் தனித்திருக்கின்றனர். யூபிலி ஆண்டிலே நாம் அன்னதானம் செய்வோம். செய்யத்தான் வேண்டும், இன்று பசித்தவனுக்கு நாளைய திட்டம் சோறாகாது. ஆனால் பந்தி முடிந்து இலை எடுத்தபின், நம் தெருவில் எந்தத் தறி நின்றிருக்கிறது, எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றிருக்கிறது என்று ஒரு முறை சென்று பார்ப்போம். நமது வின்சென்ட் தே பவுல் சபையாரும், இளைஞர் இயக்கத்தாரும், அன்பியங்களும் இந்த யூபிலியின் நினைவாக ஒரே ஒரு குடும்பத்தையாவது மறுபடி கைநீட்ட வேண்டாத நிலையில் நிறுத்துவார்களானால், அதுவே இம்மலரினும் நீடித்து நிற்கும்.

மணிமேகலையின் கையில் இருந்தது ஒரு பாத்திரம். பினய் ரஞ்சன் சென் கேட்டது எல்லோருடைய கைகளையும். அக்கைகளுள் நம்முடையதும் ஒன்றாக இருக்க இறைவன் அருள்புரிவாராக.